இணையத்தளத்தை யாரிடம் கொடுப்பது, யார் பெயரில் எடுப்பது

சுன்னாகத்தில் சொந்த ஆலையில் கறித்தூள் வறுத்து அரைக்கிறீர்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், மோர்மிளகாய் எல்லாம் பொதி செய்து விற்கிறீர்கள். இதுவரை வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஓடர் வந்தது, இப்போது சொந்தமாக ஒரு இணையத்தளம் வேண்டும். கொழும்பு நிறுவனம் ஒன்று 285,000 ரூபாய் கேட்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தனியாக வேலை செய்யும் பெடியன் ஒருவர் 45,000க்குச் செய்து தருகிறேன் என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் தம்பி, "விக்ஸில் நீங்களே செய்யலாம் அக்கா, காசை வீணாக்காதீங்கோ" என்று, தளத்தை நாமே கட்டிக்கொள்ளும் இணையச் சேவை ஒன்றைச் சொல்கிறார். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளோ "நானே செய்யிறன் அம்மா" என்கிறாள். யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்கிறேன். உங்கள் நிலையில் நான் இருந்தால் திருநெல்வேலிப் பெடியனிடம்தான் கொடுப்பேன். விலை குறைவு என்பது அதற்குக் காரணமில்லை. ஏதாவது உடைந்தால் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் உங்கள் ஆலை வாசலுக்கு வரக்கூடிய தூரத்தில் அவர் இருக்கிறார். ஆனால் அவரிடம் ஒரு சதம் கொடுக்க முன்னம் நீங்கள் உங்கள் கையாலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் இந்த நால்வரில் யாரிடம் கொடுத்தாலும் பின்னால் அவதிப்பட நேரும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

15 ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் புதுத் தளம் கேட்டு வருவதில்லை. இருந்த தளம் காணாமல் போய்விட்டது, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். என் சொந்த மாமாவும் அப்படித்தான் வந்தார். அவருக்கு நகரில் புடைவைக் கடை. தளம் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்துத் தன்னுடைய கணக்கில் பதிந்திருந்தார். அவரிடம் களவு எண்ணம் எதுவும் இல்லை. அப்படிச் செய்வது அவருக்குச் சுலபம், மாமாவுக்கும் தலையிடி இல்லை. மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் காலையில் தளத்தைத் திறந்தால் வெறும் விளம்பரங்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் சூதாட்டத் தளம்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று அடித்து வைத்திருந்த 5,000 பைகளிலும் அந்த முகவரி இருந்தது. கடை பூட்டிய பிறகு மாமாவும் மாமியும் நிலத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பையிலும் அந்த ஒரு வரிக்கு மேல் வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். நானும் கூட இருந்து ஒட்டினேன். கோயிலுக்கு வரும் பிள்ளைகள் பையைப் பார்த்து அந்த முகவரியைத் தட்டினால் என்ன வரும் என்று மாமி ஒருமுறை கேட்டார், அதற்குப் பிறகு அன்றிரவு முழுக்க ஒன்றும் பேசவில்லை.

வீடு கட்ட நல்ல மேசனாகப் பார்த்துப் பிடிக்கிறோம். மேசன் நல்லவர் என்பதற்காகக் காணி உறுதியை அவர் பெயரில் எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் போவதில்லையே. டொமைன் விஷயத்தில் மட்டும் நம் ஊரில் படித்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். உண்மையில் டொமைன் உறுதிக் காணி போலவும் இல்லை, ஆண்டுக் குத்தகை போன்றது. தவணைக்குத் தவணை கட்டினால்தான் உங்களுடையது. டொட் கொம் பெயர் ஒன்றின் தவணை முடிந்தால் பதிவு செய்த நிறுவனம் பொதுவாகச் சில கிழமை பொறுக்கும். அப்போதும் கட்டாவிட்டால் 30 நாள் மீட்புக்காலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் எடுக்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் கடந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம். சில நிறுவனங்கள் அதற்கு முன்னமே ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு.

ஆகவே முதல் வேலை இது. வியாபாரத்துக்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் திறவுங்கள். அதற்குக் கொடுக்கும் போன் நம்பர் உங்கள் பெயரில் உள்ள சிம்மாக இருக்கட்டும், மகளின் நம்பரோ மச்சானின் நம்பரோ வேண்டாம். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அந்த மின்னஞ்சலை வைத்து டொமைனை நீங்களே உங்கள் பெயரில், உங்கள் வங்கி அட்டையில் வாங்குங்கள். டொட் கொம் பல நிறுவனங்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 டொலருக்குள் வரும். முதல் ஆண்டுக்கு மிக மலிவாகக் காட்டி இரண்டாம் ஆண்டில் விலையைத் தூக்குவது வழக்கம். வாங்கும்போதே புதுப்பிக்கும் விலை என்னவென்று பார்த்துவிடுங்கள். பெடியனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தாலும் சரிதான், தட்டுவது உங்கள் விரலாக இருக்க வேண்டும்.

டொட் எல்கே வேண்டுமா என்றால், அது 1990 முதல் இருக்கும், நம் நாட்டு இணைய முகவரிகளின் கடைசிப் பகுதி. உள்ளூர் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை தரும். தமிழிலேயே முடியும் டொட் இலங்கை என்பதும் 2010இலிருந்து இருக்கிறது. ஆனால் உங்கள் ஓடரில் பெரும்பகுதி ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் போனில் தட்டிப் பழகியது டொட் கொம். அதை முதலில் எடுங்கள், வியாபாரம் பெருத்தால் டொட் எல்கேயையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பெயரைத் தெரிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத நாலு விதம் இருக்கும். சுன்னாகத்தையே எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். போனில் ஒருமுறை சொன்னால் மற்றப் பக்கத்தில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயராக இருக்கட்டும்.

தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தை ஹொஸ்டிங் என்கிறோம். அதுவும் உங்கள் கணக்கிலேயே இருக்க வேண்டும். பெடியனுக்கு உள்ளே போய் வேலை செய்ய அனுமதி கொடுத்தால் போதும். கூகுள் வரைபடத்தில் கடையைப் போடும் வணிகக் கணக்கும் அப்படியே. அது இலவசம், கடையையும் பலகையையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லும், சில நாளில் சரிபார்த்துத் தந்துவிடும். தளம் வருகிறதோ இல்லையோ, இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். சுன்னாகம் சந்தையடியில் நின்றுகொண்டு "கறித்தூள்" என்று தேடும் ஒருவருக்கு முதலில் தெரிவது அந்தக் குறிதான்.

அந்த வணிகக் கணக்கோடு சேர்த்துக் கூகுள் ஒரு சின்ன இலவச இணையத்தளமும் தந்துகொண்டிருந்தது. நம் ஊரில் சில கடைக்காரர் அதையே போதும் என்று வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. சில மாதம் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டுப் பிறகு அதையும் மூடியது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஒரு பக்கம் போட்டுத் தப்பினார்கள். கூகுள் தந்த முகவரியையே பலகையில் எழுதியிருந்தவர்களுக்குப் பலகை வீணாகியது.

சரி, இனி தளத்துக்கு வருவோம். கொழும்பு நிறுவனத்தின் விலைப்பட்டியலை இணைத்திருந்தீர்கள். அதில் கூடை, உறுப்பினர் கணக்கு, விருப்பப் பட்டியல், செய்திமடல், கைபேசிச் செயலி வரை இருக்கிறது. விலை அநியாயம் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவும் செய்தால் அவ்வளவு செலவாகும்தான். உங்களுக்கு அது இப்போது தேவையா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை உங்கள் போனிலேயே இருக்கிறது. வட்ஸ்அப்பைத் திறந்து கடைசி இரண்டு மாதத்து உரையாடல்களை மேலே தள்ளித் தள்ளிப் படியுங்கள். ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வியை ஒரு கொப்பியில் எழுதி, திரும்ப வந்தால் பக்கத்தில் கோடு போடுங்கள்.

இதை நான் சாவகச்சேரியில் நல்லெண்ணெய் விற்கும் ஒருவருக்குச் செய்து காட்டினேன். "ஒரு கிலோ என்ன விலை", "லண்டனுக்கு அனுப்புவீங்களா", "எத்தனை நாளில் வரும்", "காசு எப்படிப் போடுறது", "கொழும்பில அம்மாவின்ர வீட்டில குடுப்பீங்களா". ஐந்தே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. உறுப்பினர் கணக்குத் திறக்க முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவருடைய தளம் அந்த ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரே நீளப் பக்கமாகத்தான் தொடங்கியது. உங்கள் கொப்பியில் வேறு கேள்விகள் வரலாம். கறித்தூளில் உறைப்பு எவ்வளவு, கறிவேப்பிலை போட்டு வறுத்ததா, எத்தனை மாதம் வைத்துப் பாவிக்கலாம் என்று கேட்பார்கள். அவை எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கேட்ட அதே வார்த்தையில் எழுதிப் பதில் போடுங்கள். பெடியனிடம் கொடுக்க வேண்டிய முதல் தாள் அந்தக் கொப்பிதான்.

ஆகவே இப்போதைக்கு உங்களுக்குத் தேவை நாலைந்து பக்கம். பொருள்கள் விலையோடும் எடையோடும் இருக்க வேண்டும். அனுப்பும் முறை, ஆலையின் கதை, தொடர்பு ஆகியவை வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு பட்டன். தொட்டால் வட்ஸ்அப் திறந்து "வறுத்த கறித்தூள் 1 கிலோ வேண்டும்" என்ற வரி அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பழகிய வழியிலேயே ஓடர் வரும், விலை சொல்லும் அலுப்பு மட்டும் குறையும். ஆறு மாதம் இப்படி ஓடட்டும். ஒரு நாளைக்கு வரும் ஓடரை வட்ஸ்அப்பில் சமாளிக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் கூடையும் அட்டைப் பணமும் சேர்க்கலாம்.

தம்பி சொல்லும் விக்ஸைப் பற்றி. அது மோசமான பொருள் அல்ல. படங்களை இழுத்து வைத்து இரண்டு பின்னேரத்தில் ஒரு பக்கம் செய்துவிடலாம். எனக்கு அதில் இரண்டு தயக்கம். முதலாவது, விக்ஸில் கட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது. வெளியேறினால் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். இரண்டாவது டொலர். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை எல்லோரும் கண்டோம். மாதாமாதம் டொலரில் கட்டும் தளம் வைத்திருந்தவர்களுக்குப் பொருள் விலை கூடியதோடு தளத்தின் வாடகையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியது. அந்த நாட்களில் வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டுவதே பெரும்பாடு. ரொறன்ரோவில் இருந்து கனடா டொலரில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருப்பது இயல்புதான்.

இணையக் கடை நடத்த உதவும் ஷொப்பிஃபை என்ற சேவையும் அப்படியே. மாதாமாதம் டொலரில் போகும். அதன் சொந்தப் பணம் வாங்கும் வசதி இலங்கையில் இல்லை. வேறு நிறுவனத்தின் வழியாக வாங்கினால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் 2 சதவீதம் தனக்கென்று எடுக்கும், அந்த மற்ற நிறுவனத்தின் கட்டணம் அதற்கு மேல். ஒரு கிலோ தூளில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கொழும்பு நிறுவனம் சரிவரும் இடமும் உண்டு. பத்து அறை விடுதி வைத்து நேரடியாக முன்பதிவு வாங்க நினைப்பவர், நாலு நாட்டில் மொத்த முகவர் வைத்து ஏற்றுமதி செய்பவர் போன்றோருக்கு ஒரு குழு வேண்டும், ஆள் மாறினாலும் வேலை நிற்காத அமைப்பு வேண்டும். உங்கள் ஆலை அங்கே போகும் நாள் வரலாம். அன்றைக்கு அந்தக் காசு நியாயம்.

இப்போது பெடியனைப் பற்றி. அவரைச் சோதிக்க அவர் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்னம் செய்து கொடுத்த மூன்று தளங்களின் முகவரியைக் கேளுங்கள். புதியவை வேண்டாம், பழையவையாகக் கேளுங்கள். வீட்டு வைபையில் இல்லாமல் போன் டேட்டாவில், பஸ்ஸில் போகும்போது திறந்து பாருங்கள். திறக்கிறதா, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறதா, அடியில் இன்னமும் பழைய ஆண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்தக் கடைக்காரருக்கே போன் எடுத்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "தளத்தில ஏதும் பிழை வந்தால் தம்பி எத்தனை நாளில போன் எடுப்பார்?" பதில் வரும் தொனியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மூன்று பேரில் இருவர் அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னால் தயங்காதீர்கள்.

தளம் கட்டும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செய்யச் சொல்லுங்கள். உலகத்துத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. நாளைக்கு இந்தப் பெடியன் அவுஸ்திரேலியா போனாலும் கோப்பாயிலோ பருத்தித்துறையிலோ அதே வேலை தெரிந்த இன்னொரு பிள்ளை கிடைக்கும். அதே சமயம் வேர்ட்பிரஸ் கவனிப்பு வேண்டிய சாமான். ஆலையில் அரைக்கும் மெசினுக்கு எண்ணெய் விடுவது போல மாதத்துக்கு ஒருமுறை அதையும், அதில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளகின் என்ற சின்ன மென்பொருள்களையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத பழைய பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் கள்ளர் உள்ளே வருகிறார்கள். இன்னொன்று, காசு கொடுத்து வாங்க வேண்டிய "தீம்" என்ற தள வடிவமைப்பை எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிக் கிடைப்பவற்றில் கள்ள வேலை ஒளித்து வைத்திருப்பார்கள். சில மாதம் கழித்து உங்கள் கறித்தூள் பக்கத்தைத் தேடினால் வேறேதோ மருந்து விளம்பரம் வரும். "தீம் எங்கே வாங்கினீங்கள், பற்றுச்சீட்டைக் காட்டுங்கோ" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸ் தளத்திலேயே கிடைக்கும் இலவச தீம் உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

தமிழைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஊர்த் தளங்கள் அதிகம் கெடுகின்றன. உங்கள் பொதிக்கு லேபல் அடித்த அச்சகத்திடம் விவரக் கோப்பைக் கேட்டால் அது அநேகமாகப் பாமினி எழுத்துருவில் இருக்கும். அச்சுக்கு அது சரி. அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். சிலர் அதைச் சமாளிக்க எழுத்தைப் படமாக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூகுள் அதை எழுத்தாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. ஒடியல் மா என்று தேடும் ஒருவருக்கு நீங்கள் தெரியாமலே போகலாம். எல்லாத் தமிழும் யூனிகோட்டில், அதாவது எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறையில், இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்தினால் போதும்.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆங்கிலத்துக்கென்று செய்த தீமில் வரிகளின் இடைவெளி குறைவு. "டூ", "கி" போன்ற எழுத்துகளின் தலையோ காலோ வெட்டுப்படும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் இருந்த பட்டனில் "கூடையில் சேர்க்கவும்" என்று போட்டால் இரண்டாம் வரிக்கு உடைந்து வெளியே தொங்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் அலங்காரத்தைத் தமிழில் போட்டால் சொல் சிதறிக் கிடக்கும். இதெல்லாம் ஒரு மணித்தியால வேலை, பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால்தான். ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் போனிலும் உங்கள் அம்மாவின் பழைய போனிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணைக் காசு.

ஆங்கிலமும் வேண்டும். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அம்மாவுக்கு ஓடர் போட்டுக் காசு கட்டுவது அந்தப் பிள்ளைதான். அதோடு, தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் நிறைய. ஆகவே பொருளின் பெயரை மூன்று விதமாகவும் போடுங்கள்: தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில்.

படங்களுக்கு ஸ்ரூடியோ தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்கு விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், சுளகில் பரப்பிய மிளகாயும் பக்கத்தில் பொதியுமாகப் போனில் எடுங்கள். தளத்தில் ஏற்ற முன்னம் சிறிதாக்கச் சொல்லுங்கள். போனிலிருந்து வரும் படம் ஒன்று 4 எம்பி இருக்கும், தளத்துக்கு 200 கேபி போதும். இருபது பெரிய படம் உள்ள பக்கம் டேட்டாவில் திறக்க முன்னம் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

பணம் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூரில் வங்கிக் கணக்கும், போனால் ஸ்கான் செய்து காசு கட்டும் லங்கா கியூஆரும் இப்போதைக்குப் போதும். வெளிநாட்டில் இருப்பவர் இங்கே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள அம்மாவுக்குப் பொதி கொடுக்கச் சொல்லிக் கட்டும் ஓடர் உங்களுக்கு அதிகம் என்றால், அப்போது அட்டைப் பணம் உண்மையிலேயே உதவும். அதில் சுங்கச் சிக்கலும் இல்லை. அதற்கு, அட்டைப் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் போடும் உள்ளூர் நிறுவனம் ஒன்றில் சேர வேண்டும். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவும் வியாபார வங்கிக் கணக்கும் கேட்பார்கள். தளத்தில் நிபந்தனைகள், பணம் திருப்பிக் கொடுக்கும் முறை, தனியுரிமை ஆகிய மூன்று பக்கங்களும் இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். அந்தத் தனியுரிமைப் பக்கத்தை வேறொரு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் எங்கே வைக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று உண்மையை நாலு வரியில் எழுதுங்கள்.

பெடியனோடு ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சட்ட மொழி தேவையில்லை. எத்தனை பக்கம், என்ன மொழி, எழுத்தும் படமும் யார் தருவது, எந்தத் திகதி, காசு எத்தனை தவணை என்று இருந்தால் போதும். நான் மூன்று தவணை சொல்வேன்: தொடங்க ஒரு பங்கு, போனில் திறந்து பார்க்கும் நிலைக்கு வந்ததும் ஒரு பங்கு, எல்லாக் கடவுச்சொல்லும் உங்கள் கையில் வந்து நீங்களே ஒரு விலையை மாற்றிப் பார்த்த பிறகு மிச்சம். அதற்குப் பிறகு மாதாமாதம் கவனிக்க ஒரு சின்னத் தொகை பேசுங்கள். புதுப்பித்தல், கிழமைக்கு ஒரு பிரதி எடுத்து உங்கள் கணினியிலும் ஒன்று வைத்தல், பிழை வந்தால் இரண்டு நாளில் பார்த்தல் எல்லாம் அதற்குள் வரட்டும். 45,000ஐப் பேரம் பேசி 35,000 ஆக்குவதைவிட, கேட்டதைக் கொடுத்து இந்த மாதத் தொகையையும் மனதாரக் கொடுங்கள். காசு வராத தளத்தை ஆறு மாதம் கழித்து எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்காது, அதை நான் குற்றமாகவும் சொல்ல மாட்டேன். அவரும் வீடு நடத்த வேண்டும்.

தொடர்புப் படிவம் வைத்தால் அதை மாதம் ஒருமுறை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். மலிவு ஹொஸ்டிங்கில் அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போவது அல்லது எங்குமே போகாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எட்டு மாத விசாரணைகள் அப்படிப் போயின.

அப்புறம் மகள். அவளே முழுத் தளத்தையும் கட்டட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவு வந்து பல்கலைக்கழகம் கிடைத்து அவள் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்விட்டால் அரைவாசியில் நிற்கும். படிக்கிற பிள்ளையை இரவில் எழுப்பித் தளம் திறக்கவில்லை என்று சொல்லவும் உங்களுக்கு மனம் வராது. ஆனால் வெளியாளால் செய்ய முடியாத பகுதி அவளிடம்தான் இருக்கிறது. தூள் வறுபடும்போது எந்த மணத்தில் இறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை நல்ல தமிழில் எழுத அவளால் முடியும். படம் எடுக்கவும், ஆங்கிலம் எழுதவும், பெடியன் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து விலை மாற்றவும் புதுப் பொருள் சேர்க்கவும் பழகவும் முடியும். போகும் முன்னம் அதை உங்களுக்கும் சொல்லித் தருவாள்.

இன்றிரவு அவளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். முன்பக்கத்திலிருந்து வட்ஸ்அப் கேள்விகளை எழுதட்டும். கடைசிப் பக்கத்தில் டொமைன் எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சலில், எந்தத் திகதியில் தவணை முடியும் என்று எழுதிவிட்டு, வியாபாரப் பதிவுப் பத்திரம் இருக்கும் அதே அலுமாரித் தட்டில் வையுங்கள். பெயரை வாங்கியதும் முகவரியைப் பைகளில் அடிக்க அவசரப்பட வேண்டாம். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குச் சொல்லுங்கள்.